நாற்பத்திரண்டு வயதில் ஸா

நாற்பத்திரண்டு வயது வரை நான் பாடியதே இல்லை. பிள்ளைகளுக்குத் தாலாட்டுகூட என் வீட்டுக்காரர்தான் பாடினார். அவர் குரல் மெல்லிசு. என் குரலைப் போனில் கேட்பவர்கள் இன்றைக்கும் "சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

எனக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. விரிப்புகளை மெஷினே உலர்த்திவிடும்; கம்பளிகளை மட்டும் மொட்டை மாடியில் வெயிலில் போடுவோம். ஒரு நாள் மதியம் கம்பளிகளோடு மேலே போனபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சுவரைப் பார்த்து நின்றபடி, ஒரே ஸ்வரத்தை நீட்டி, மெல்ல அடுத்ததற்கு நகர்ந்துகொண்டிருந்தாள். வார்த்தை ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"நிறுத்தாதீங்க" என்றேன் கன்னடத்தில்.

தார்வாடுப் பக்கத்துப் பெண். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்றாவது மாடியில் சேர்த்திருந்தார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து இந்துஸ்தானி வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறாளாம். சாதகம் விட்டுப்போகக் கூடாதென்று மாடிக்கு வந்திருக்கிறாள். அவள் அப்பா அங்கே இருந்தவரை தினமும் மதியம் நான் கம்பளியோடு மேலே போனேன். காய்ந்த கம்பளிகளையும் எடுத்துப் போனேன்.

அவர்கள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று கேட்டேன். "எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

"உங்க பொண்ணுக்கா?"

"எனக்கு."

அவள் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை சாயங்காலம் வாங்க அக்கா" என்றாள். என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவளை அன்றிலிருந்து டீச்சர் என்று கூப்பிட்டேன்.

முதல் வகுப்பில் தம்புரா பெட்டியைப் பெண்கள் வழக்கமாகப் பாடும் சுருதியில் வைத்து "ஸா" சொல்லச் சொன்னாள். சொன்னேன். உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டீச்சர் குமிழைத் திருகிச் சுருதியை இறக்கினாள். இன்னும் இறக்கினாள். நம் பக்கத்துக் கணக்கில் இரண்டரைக் கட்டைக்கு வந்ததும் என் குரல் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஆம்பளைங்க சுருதி இல்லையா அது?" என்று மகளைக் கூட்டி வந்திருந்த ஓர் அம்மா கேட்டார்.

"அது அவங்க சுருதி" என்றாள் டீச்சர், பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

நான்கு மாதம் ஸா மட்டும்தான். மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். காலை ஐந்து மணிக்கு நான் ஆரம்பித்தால் அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டுவார்கள். ஒரு நாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லார் முன்னாலும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "இன்னாம்மா, வூட்ல யாருக்குனா வலியா? டெய்லி முனகுற சத்தம் கேக்குதே."

எல்லாரும் சிரித்தார்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னேன்: "ஆமாண்ணா, எனக்குத்தான். நாளைக்கும் இருக்கும்."

மறுநாள் ஜன்னலைத் திறந்துவைத்துப் பாடினேன். ஐந்து மணியை ஆறாக்கினேன். அவர் செகண்ட் ஷிப்ட் முடித்து நடுராத்திரிக்கு மேல் படுப்பவர், அதனால். வேறு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அண்ணனைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. என் கூடப்பிறந்தவன். தமிழுக்காக இந்த ஊரில் கல்லடி வாங்கியவன். ஸா முடிந்து முதல் இந்திப் பாட்டை நான் பாடுவதைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றான்.

"கன்னடக்காரங்க நடுவுல தமிழக் காப்பாத்த நாங்க என்னா பாடு படறோம், நீ வூட்ல குந்திக்கினு இந்தியில அழுவுற."

"ஞாயித்துக்கெழம புத்தர் கோயில்ல பாலியில சரணம் சொல்றோமே, அது எந்த ஊரு பாஷை? அர்த்தம் கேட்டுத் தெரிஞ்சிக்கல? இதையும் தெரிஞ்சிக்கறேன்."

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணில்ல. ஆனா ஒண்ணு நமக்கில்லன்னு யார்னா சொன்னா, எனக்கு அதான் வேணும். நீதான அப்படி வளத்த."

அவன் காபி குடிக்காமல் போய்விட்டான். இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு பேசினான், பாட்டைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது. அதற்காக நிறுத்த மாட்டேன்.

ஐந்தாம் வருஷம், மாணவர்களின் கச்சேரி ஒன்று வைத்தார்கள். பெற்றோர்கள் சேர்ந்து நடத்தியது. பிள்ளைகளுக்குத் தனித்தனியாகப் பத்து நிமிடம்; பெரியவர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கடவுள் வாழ்த்து. நிகழ்ச்சியைக் கவனித்துக்கொண்ட ஒரு பையனின் அப்பா என்னிடம் தன்மையாகத்தான் சொன்னார்: "குரூப்பா பாடினா உங்களுக்கும் டென்ஷன் இல்ல பாருங்க."

"எனக்கு டென்ஷன் வேணும் சார். தனியா போடுங்க."

போட்டார், கடைசியாக. எனக்கு முன்னாலேயே கீழே டிபன் தயார் என்று அறிவித்துவிட்டார்கள். பாதி நாற்காலி காலி. நான் பூப் ராகம் பாடினேன். நம் மோகனத்தின் ஸ்வரங்கள்தான், நடைதான் வேறு. ஐந்தே ஸ்வரம். பயம் இல்லாமல் கீழே உலாவினேன். மேல் ஸாவுக்குப் போனபோது குரல் உடைந்தது. முன்வரிசையில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. இறங்கி வந்து மறுபடி ஏறினேன். மறுபடி உடைந்தது. என் வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாவது தடவை ஏறவில்லை. அதற்கு ஒரு படி கீழே, 'தா' என்ற ஸ்வரத்தில் நின்றேன். மூச்சு இருந்தவரை நின்றேன். அங்கே நின்றால் மேல் ஸா இருப்பது தெரிகிறது, போக வேண்டியதில்லை. வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்த தபலாக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டிபனுக்கு எழுந்த இரண்டு பேர் கதவருகிலேயே நின்றுவிட்டார்கள். எனக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் ஒரு நிமிடத்தைக்கூட நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த வருஷம் டீச்சரின் கணவருக்குப் புனேயில் வேலை கிடைத்தது. பிள்ளைகளை வேறொருவரிடம் ஒப்படைத்தாள். புதிதாக வரும் பெரியவர்களை என்னிடம்.

"எனக்கு என்னா தெரியும் டீச்சர்? ஆறு வருஷந்தான்" என்றேன்.

"எனக்கு அஞ்சு வயசுல சொல்லிக் குடுத்தாங்க அக்கா. ஸா எப்படி வந்துச்சின்னே ஞாபகம் இல்ல. உங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருக்கு. முதல் ரெண்டு வருஷம் நீங்க சொல்லிக் குடுங்க. அதுக்கு மேல என்கிட்ட அனுப்புங்க, போன்ல சொல்லிக் குடுக்கறேன்."

கச்சேரியைக் கவனித்துக்கொண்ட அந்தப் பையனின் அப்பா எப்படியோ தெரிந்துகொண்டு போன் செய்தார். "பரீட்சை எதுவும் பாஸ் பண்ணாம எப்படிம்மா கிளாஸ் எடுக்கறீங்க?"

"ஸ்வரம் வராம எப்படித் தவிக்கறதுன்னு சொல்லித் தர்றேன் சார். அதுக்குப் பரீட்சை எங்க வெச்சாலும் சொல்லுங்க, வந்து எழுதறேன்."

இப்போது என்னிடம் இரண்டு பேர் படிக்கிறார்கள். ஒருத்தி என்னோடு சலவையில் வேலை பார்ப்பவள். இன்னொருவர் சேலத்திலிருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் இருப்பவர், முப்பத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்தின்போது, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது" என்று அங்கிருந்த ஒரு டீச்சர் சொன்னாராம். அன்றிலிருந்து குளியலறையில்கூடப் பாடியதில்லையாம். மெட்ரோவில் வந்து இறங்குவார். என் வீட்டில் உட்கார இடம் போதாது. அதனால் ஞாயிறு காலை அல்சூர் ஏரிக்கரையில், நடக்கிறவர்களுக்கு வழிவிட்டு, ஒரு மரத்தடியில் பாயை விரித்துக்கொள்கிறோம். போனில் தம்புரா ஓடும்.

போன மாதம் காவலாளி வந்தார். "இங்கெல்லாம் பாடக் கூடாதும்மா" என்றார் கன்னடத்தில். வாக்கிங் வந்த யாரோ புகார் சொன்னார்களாம்.

"எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

கேட் பக்கத்தில் இருந்த பலகையைக் காட்டினார். எழுந்து அவரோடு போய் முழுவதையும் சத்தமாகப் படித்தேன். மீன் பிடிக்கக் கூடாது. பூப் பறிக்கக் கூடாது. குப்பை போடக் கூடாது. நாயைக் கட்டாமல் கூட்டி வரக் கூடாது. பாட்டைப் பற்றி ஒன்றுமில்லை.

அவரும் ஒருமுறை படித்துப் பார்த்தார். "சரி, கொஞ்சம் மெதுவாவாவது பாடுங்க."

சேலத்துக்காரர் பாயைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. "வேணாம் மேடம், வேற எங்கயாவது பாத்துக்கலாம்" என்றார்.

"உக்காருங்க" என்றேன் அவரிடம். பிறகு காவலாளியிடம் சொன்னேன்: "இவரை இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் மெதுவா பாடச் சொல்லிட்டாங்கண்ணா. நானும் சொல்ல மாட்டேன். நீங்க வேணா நின்னு கேளுங்க."

காவலாளி நின்றார். தம்புராவின் சத்தத்தைக் கூட்டினேன். சேலத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். ஸா கொஞ்சம் கீழேதான் விழுந்தது. நடந்துகொண்டிருந்த இரண்டு பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தரம்," என்றேன், "இதைவிடச் சத்தமா."