சிலுவைக்கு இந்தப் பக்கம்

என் அக்காவின் கணவர் தையற்காரர். பத்தொன்பது வருடமாக ஊர் எல்லையைத் தாண்டாமல் இருந்தவர். கால் நன்றாகத்தான் இருக்கிறது, வாய்தான் அவரைக் கட்டிப்போட்டது.

எங்கள் ஊர் முடிகிற இடத்தில், சாலையோரம், ஆள் உயரத்துக்கு ஒரு பழைய கற்சிலுவை நிற்கிறது. அதைத் தொட்டுச் சத்தியம் செய்தால் யாரும் மீறுவதில்லை. அத்தானும் அவருடைய அண்ணனும் ஒரே கடையில் தைத்தவர்கள். ஒருநாள் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்து டவுனில் தனிக்கடை போட்டுவிட்டார். அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம். நேரே போய்க் கல்லில் கை வைத்து, "அண்ணன் நேர்ல வந்து கூப்பிடுறவரைக்கும் இந்தச் சிலுவையத் தாண்ட மாட்டேன்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம், இழுக்கவில்லை.

அண்ணனும் லேசுப்பட்டவர் அல்ல, வரவேயில்லை. ஆஸ்பத்திரி, ரயில், சந்தை எல்லாமே அந்தப் பக்கம். அத்தானுக்கு மிஞ்சியது ஒன்றரைத் தெருவும் ஓர் ஆறும். நான் ஆட்டோ ஓட்டுகிறவன்; நூலும் பொத்தானும் நான்தான் டவுனிலிருந்து வாங்கி வருவேன். "இதுவா நீலம்? உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று பாய்வார். பல்வலியில் கன்னம் வீங்கியபோதுகூடக் கிராம்பைக் கடித்துக்கொண்டு கிடந்தார். சாயங்காலம் சிலுவைவரை நடந்துபோய், டவுன் பஸ் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

போன வருடம் அண்ணன் படுத்த படுக்கையானார். தம்பியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார்.

"வந்து கூப்பிடட்டும்" என்றார் அத்தான். எழுந்து உட்காரக்கூட முடியாத மனிதரைப் போய்!

அண்ணனை அடக்கம் செய்த அன்று அத்தான் சிலுவையடியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். இனி வந்து கூப்பிட யாருமில்லை.

போன மாதம் அத்தான் மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்து, டவுன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. கூடவே இருந்த அக்கா, "பொழைக்குமான்னு தெரியல, ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க" என்று போனில் கதறினாள். அத்தான் வேறு வழி தெரியாமல் பங்குச்சாமியாரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

சாமியார் முழுக்கதையையும்கூடக் கேட்கவில்லை. "அந்தச் சத்தியத்துலேர்ந்து உங்கள விடுவிக்கிறேன். கெளம்புங்க, புள்ளயப் பாருங்க" என்று அவர் நெற்றியில் சிலுவை வரைந்தார். எனக்குக் கொடுத்த காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அத்தான் எழுந்திருக்கவில்லை.

"சாமி, இதயே போன வருசம் வந்து கேட்டிருந்தா?"

"அப்பவும் விட்டிருப்பேனே. நீங்க வரலையே."

அத்தான் எழுந்து வந்து என் ஆட்டோவில் ஏறினார். சிலுவையைத் தாண்டியபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டவுன் நெருங்கியதும் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார்.

"மாப்ள, அண்ணன் வீட்டு வழியாப் போகாத."

"ஆஸ்பத்திரிக்கு அது ஒண்ணுதான் வழி அத்தான்" என்றேன்.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.