மூன்றாம் ஜன்னல் டெக்லா

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் எங்கள் மாவட்டத்தில் இருபத்தாறு கல்யாணங்களுக்கு நனாஷ் நான்தான். நனாஷ் என்றால் பாதிரியார் முன்னால் மணமக்களுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நிற்பவர். அன்றையிலிருந்து அவர் பெற்ற அப்பனுக்கும் ஒரு படி மேல். குதிரைவண்டியில் அக்ரூட் மூட்டை ஏற்றிப் பிழைக்க ஆரம்பித்தவன், இன்று நாற்பது பெண்கள் உட்கார்ந்து உடைக்கிற கொட்டகை வைத்திருக்கிறேன். மால்டோவாவின் இந்த மூலையில் இந்தப் போர்ஃபிரியைத் தெரியாதவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

டெக்லாவுக்கும் எஃப்தீமுக்கும் மெழுகுவர்த்தி பிடித்தவனும் நான்தான். சோவியத் உடைந்த அடுத்த வருஷம் அவளைக் கையோடு கூட்டிப் போய்ப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் சேர்த்துவிட்டதும் நானே. அன்று உட்கார்ந்த மூன்றாம் ஜன்னலில்தான் முப்பத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள்.

பழைய பதிவேடுகளைப் படிக்க அவள் ஒருத்தியால்தான் முடியும். ருமேனிய எழுத்து, அதற்கும் முன்னால் ஜார் காலத்துப் பாதிரிமார்களின் கோழிக்கிறுக்கல், எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஜனங்கள் தாத்தா பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். அவள் தேடி எடுத்து நகல் கொடுப்பாள். தாத்தா காலத்தில் இந்த ஊர் ருமேனியாவில் இருந்ததால், அந்த நகலைக் காட்டி ருமேனியப் பாஸ்போர்ட் வாங்கி இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போய்விடுவார்கள். எஃப்தீமும் அப்படித்தான் போனான், பெண்டாட்டி முத்திரை குத்திக் கொடுத்த நகலோடு. பதினொரு வருஷமாக இத்தாலியில், பார்மா நகரத்தில் சுவர் பூசுகிறான். இங்கே படுத்த படுக்கையாக அவன் அம்மா. டெக்லா தினமும் மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்து கிழவியைப் புரட்டிப் படுக்கவைத்து, இரண்டு வாய் சோளக்களி ஊட்டிவிட்டு, மறுபடி ஜன்னலுக்கு ஓடுவாள்.

ஒருமுறை அவளை ஒரு வாரப் பயிற்சிக்கு எஸ்டோனியாவுக்கு அனுப்பினார்கள்; எங்களைப் போல சோவியத்திலிருந்து பிரிந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்ட நாடு. திரும்பி வந்தவள் ஆளே மாறியிருந்தாள். எங்கள் ஊரில் அலுவலகத்துக்குப் போகிறவன் கையில் சாக்லேட் பெட்டி இல்லாமல் போகமாட்டான். அது லஞ்சமில்லை, மரியாதை. இவள் பெட்டிகளை ஜன்னல் வழியாகவே திருப்பித் தள்ள ஆரம்பித்தாள். திமிர் பிடித்தவள் என்று ஊரே பேசியது. என்னிடமே நாலு பேர் வந்து புகார் சொன்னார்கள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மினிபஸ் ஏறிக் கிராமம் கிராமமாகப் போனாள். கலாசார மன்றத்தில் பத்துப் பேர் இருந்தாலும் பேசுவாள். நாம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டும், அதற்கு ஓட்டெடுப்பு வருகிறது, யோசித்துப் போடுங்கள் என்பாள். மினிபஸ் ஓட்டுகிறவன், "ஐரோப்பா ஏறியாச்சு, கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா" என்று கேலி செய்வான். ஒரு கூட்டத்தில் ஒரு கிழவர் எழுந்து, ஐரோப்பா வந்தால் வீட்டில் பன்றி அறுக்க விடமாட்டார்களாமே என்று கேட்டார்.

"அறுக்கலாம் பெரியப்பா. அறுக்கறதுக்கு முன்னால அதுக்கு மயக்கம் குடுத்துடணும், அவ்வளவுதான்."

"அதுக்கு என் வீட்டு ஒயினே போதும்மா. ஒரு கிளாஸ்ல என் மருமகனே விழுந்துடறான்."

சிரித்து முடித்த பிறகு அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நாலாயிரம் பேருக்கு நான் காகிதம் எழுதிக் குடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பியிருக்கேன். போதும். இனிமே அது இங்க வரட்டும்."

மாவட்டத் தலைவர் லாசருக்கு இது பிடிக்கவில்லை. அவர் கட்சி, ஒன்றியம் வேண்டாம் என்கிற பக்கம். ஆனால் அவள் பேசுவது விடுமுறை நாளில், சொந்தப் பஸ் காசில். ஒரு கட்சியின் பெயரும் எடுப்பதில்லை. சட்டத்தில் பிடிக்க ஒரு நூல் கிடைக்கவில்லை. அதனால் எங்கள் ஊர் வழக்கப்படி செய்தார். இங்கே யாரும் யாருக்கும் நோட்டீஸ் அனுப்பமாட்டார்கள், நனாஷிடம்தான் வருவார்கள். லாசர் என் கொட்டகைக்கு வந்து, என் பீப்பாயிலிருந்து இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"வேலையை விட்டு எடுக்கமாட்டேன் அண்ணே, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆத்தோரக் கிளைக்கு மாத்திடுவேன். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். இல்லேன்னா, பேசாதேன்னு நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

அங்கே மாற்றினால் மத்தியானம் கிழவியை யார் புரட்டுவது? வேலையை விட்டாலோ, பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. லாசர் எல்லாம் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார்.

டெக்லாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் மேஜைமேல் கிடந்த அக்ரூட் ஓட்டை விரலால் நகர்த்திக்கொண்டே கேட்டாள்.

"இது லாசர் சொல்றதா, நீங்க சொல்றதா நனாஷ்?"

"ஏன்?"

"லாசர் சொன்னா நான் கேக்கமாட்டேன். எது வந்தாலும் பாத்துக்கறேன். நீங்க சொன்னா கேட்டுத்தான் ஆகணும்."

வாழ்க்கையில் பதில் இல்லாமல் நான் நின்றதில்லை. எல்லைச் சாவடியில் துப்பாக்கிக்காரனுக்கே பதில் சொன்னவன். அன்றும் சட்டென்று சொல்லிவிட்டேன்: "நான்தான் சொல்றேன். பேசாதே."

சரி என்று எழுந்து போனாள்.

ஓட்டெடுப்புக்கு முந்தைய ஞாயிறு எங்கள் ஊரிலேயே கூட்டம். இருநூறு பேர் வந்திருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் அவளைக் கேட்கத்தான். நானும் போயிருந்தேன். தலைநகரிலிருந்து வந்த பையன் ஒருவன் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தான். டெக்லா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நிலம் பறிபோகுமா என்று ஒரு பெண் கேட்டாள். பையனுக்குத் தெரியவில்லை. ஜனங்கள் பின்னால் திரும்பி, "டெக்லா, நீ சொல்லு" என்றார்கள். அவள் எழுந்தாள்.

"என் நனாஷ் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றாள். அதில் கோபமில்லை, குத்தலில்லை. ஜன்னலில், நாளைக்கு வாங்க என்பாளே, அதே குரல்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இருநூறு தலையும் என் பக்கம் திரும்பியது. நான் ஒரு தலையசைப்புக் காட்டியிருந்தால் போதும், பேசியிருப்பாள். எனக்கோ அந்த நேரம் கிழவி ஞாபகம், ஆற்றோர பஸ் ஞாபகம், லாசர் ஞாபகம். என் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்தது.

எங்கள் மாவட்டத்தில் 'வேண்டாம்' ஜெயித்தது, நாற்பத்தொரு ஓட்டில். அவள் பேசியிருந்தால் மாறியிருக்குமா? மாறியிருக்கும். யார் என்ன சொன்னாலும் சரி, எனக்குக் கூட்டமும் தெரியும், டெக்லாவும் தெரியும்.

ஈஸ்டருக்குப் பிறகு, வழக்கப்படி, பின்னல் ரொட்டி இரண்டு எடுத்துக்கொண்டு வந்தாள். என் கையை முத்தமிட்டாள். மழையைப் பற்றிப் பேசினாள், கிழவிக்குப் படுக்கைப்புண் ஆறிவருவதைப் பற்றிப் பேசினாள். வராமலே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் நானே வாயைத் திறந்தேன்.

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் டெக்லா. லாசரை நான் பாத்துக்கறேன். இனிமே நீ பேசு."



"வேண்டாம் நனாஷ். இப்ப வாபஸ் வாங்கினா, அன்னிக்கு நான் எதுக்கு வாயை மூடிட்டிருந்தேன்னு ஆயிடும். அதை என்னால தாங்கமுடியாது. அது அப்படியே இருக்கட்டும்."

ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு, கிழவியைப் புரட்ட நேரமாச்சு என்று கிளம்பினாள். நான் வாசல் வரை போனேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.