மதகுக்கு அப்பால் பொரித்த மீன்

போன மாதம் கிளினிக்கில் எனக்கு ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்கள். மாரடைப்பு வராமல் தடுக்க எட்டு வழிகள். புகைக்க வேண்டாம், உப்பைக் குறையுங்கள், பொரித்ததைக் குறையுங்கள், நடந்து பழகுங்கள், இன்னும் நான்கு. நான் நிருவாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். ஐந்தாம் பந்தியும் ஆறாம் பந்தியும் ஒரே விடயத்தைச் சொல்வதைக் கண்டு, பென்சிலால் கோடிட்டு, இளம் டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதற்காக எனக்கு நன்றி சொல்லவில்லை. என் கிளினிக் கொப்பியை விரித்து, குடும்பத்தில் யாருக்காவது இருதய வருத்தம் இருந்ததா என்று கேட்டார்.

"அப்பாக்கு. நாப்பத்தாறு வயசில."

"எத்தின வயசில காலமானவர்?"

"எண்பத்திமூண்டில. மாமரத்தால விழுந்து."

டாக்டர் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இடையில் இருந்த முப்பத்தேழு வருடங்களுக்கு என்ன சிகிச்சை என்று அறிய விரும்பினார். நேர்த்திக்கடன் என்று சொன்னால் என்னையே வேறு கிளினிக்குக்கு அனுப்பிவிடுவார். ஞாபகமில்லை என்றேன். உத்தியோக வாழ்க்கையில் பலருக்கும் கை கொடுத்த பதில் அது.

எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு அப்போது பத்து வயது. பெரியகல்லாற்றிலிருந்து சற்றுத் தள்ளி, வாவிக் கரையில் எங்கள் ஊர். அப்பா வட்டவிதானை. ஒரு வட்டையில் உள்ள வயல்களுக்கெல்லாம் எந்த நாளில் எந்த வாய்க்காலில் தண்ணீர் விடுவது என்று தீர்மானிக்கிறவர். சட்டம் தெரிந்தவர். தெரியாதவர்களுக்கு அதைத் தெரியப்படுத்துவதில் பிரியமும் உள்ளவர். அந்த வருடம் மாசி அறுவடையின்போது, சூடடிக்கும் களத்தில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். உழவு மெசினில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பத்தாம் நாள் அவர் வீடு வந்தபோது, அவர் போட்டிருந்த சேட்டுக்குள் வேறு யாரோ இருப்பதுபோல் இருந்தது.

கூடவே டாக்டர் எழுதிய ஒரு துண்டுக் கடதாசியும் வந்தது. சுருட்டை விட வேண்டும். பொரியல், உப்பு, எருமைத் தயிர் எல்லாம் குறைக்க வேண்டும். நாளாந்தம் நடக்க வேண்டும், முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. இன்னொரு தடவை இப்படி வந்தால் தப்புவது கஷ்டம் என்று டாக்டர் அம்மாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அம்மா அதை எங்களிடம் சொல்லவில்லை. நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசைப் போத்தலை என் கையில் தந்து, அப்பா எங்கே போனாலும் நீயும் போ என்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்பா தும்மினாலும் போத்தலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அப்பா துண்டை இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்தார்.

"இது ஆலோசன. உத்தரவு இல்ல."

"நடக்கச் சொல்லி எழுதிக் கிடக்கே," என்றார் அம்மா.

"என்னத்தத் தேடி நடக்கிற? வேலயத்தவன்தான் சும்மா நடப்பான். வட்டவிதான றோட்டளக்கிறான் எண்டு ஊர் சிரிக்கவா?"

அம்மா அடுப்படிக்குப் போனார். அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அப்பாவின் சட்ட நுணுக்கங்களுக்கு முன்னால் வாயடைத்துப் போகிறவர் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். அப்பா சைக்கிளில்தான் போனார், சுருட்டோடு வந்தார்.

வைகாசியில், வருடாந்தச் சடங்குக்காக அம்மன் கோயில் கதவு திறந்தது. கதவு திறந்த நாள் முதல், கடைசி நாள் சடங்கான குளிர்த்தி முடியும் வரை எங்கள் ஊரில் எந்த அடுப்பிலும் எண்ணெய்ச் சட்டி ஏறாது. அம்மன் கோபச் சூட்டோடு வந்தவள். அவளைக் குளிர வைக்கிற நாட்களில் பொரிப்பதும் இல்லை, வறுப்பதும் இல்லை. டாக்டரின் துண்டை மடித்து வைத்த அப்பா, அந்த ஒரு கிழமை, ஏழு நாளும், அவித்த கறியை முணுமுணுக்காமல் தின்றார். அம்மா பரிமாறியபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குளிர்த்தி அன்று கோயில் கிணற்றடியில் அம்மாவும் மாமியும் நிற்பதைக் கண்டேன். மாமி அப்பாவின் அக்கா. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்கள் பெண் வீட்டோடு வந்து இருப்பார்கள். அதனால் அப்பாவின் பிறந்த வீடு அடுத்த ஊரில் மாமியிடம் இருந்தது. ஒரு கலியாண வீட்டில் வெற்றிலைத் தட்டத்தை யாருக்கு முதலில் நீட்டுவது என்ற பிரச்சினையில், அம்மாவும் மாமியும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. அன்றும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடிதான் நின்றார்கள். இரண்டு பேரின் உதடுகளும் மாறி மாறி அசைந்தன. ஆளுக்கொரு பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா நேரே அம்மன் வாசலுக்குப் போய், பூசை செய்கிற கப்புகனார் கேட்க, ஊர்ச் சனம் எல்லாம் கேட்க, கையெடுத்துக் கும்பிட்டுச் சத்தமாகச் சொன்னார்.

"தாயே, இவர எனக்குத் திருப்பித் தந்தாய். வாற வருசம் நீ கதவு திறக்குமட்டும் இவர் சுருட்டத் தொடமாட்டார். ஊருக்குள்ளயும் தொடமாட்டார், வெளியிலயும் தொடமாட்டார், உலகத்தில எங்கயும் தொடமாட்டார். ஊர் எல்லைக்குள்ள பொரிச்சதும் தின்னமாட்டார்."

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் கப்புகனார் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டார். நேர்த்தி பதிவாகிவிட்டது. டாக்டருக்குப் பயப்படாத மனிதர், அம்மனுக்கு எதிராக மேன்முறையீடு செய்ய இடமில்லை என்பதை அறிந்திருந்தார்.

சுருட்டு அன்றே நின்றது. கராம்பைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் வேலிக்கதியாலைப் பார்த்தபடி இருந்தார். மூன்றாம் நாள் காலையில் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"எல்லைக்குள்ள எண்டுதானே சொன்ன நீ?"

"அப்பிடியா சொன்னன்? அவசரத்தில வாயில வந்தது," என்றார் அம்மா, அரிசியில் கல்லுப் பொறுக்கியபடி.

"வாயில வந்ததுதான் சட்டம்!"

எல்லை எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஊரின் தெற்கே ஒரு பழைய மதகு. அம்மன் ஊர்வலம் அதுவரைக்கும் போய்த்தான் கிறுகி வரும். மதகுக்கு அந்தப் பக்கம் அரை மைலில் மாமி வீடு. எங்கள் வீட்டிலிருந்து போக ஒரு மைல், வர ஒரு மைல். சைக்கிளில் போயிருக்கலாம். ஆனால் அதே கிழமைதான் அம்மா அதை என் அண்ணனுக்குப் பின்னேர வகுப்புக்குப் போகவென்று கொடுத்திருந்தார். படிப்பென்று வந்தபின் அப்பாவால் அதைத் திருப்பிக் கேட்க முடியவில்லை.

ஆகவே நடந்தார். நாலரை மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு, அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று பொதுவாக அறிவித்துவிட்டு நடந்தார். நான் சட்டைப் பைக்குள் குளிசைப் போத்தலோடு பின்னால் ஓடினேன். முதல் நாள் மதகுக்குப் போவதற்கிடையில் மூன்று இடத்தில் குந்தினார். மதகைத் தாண்டியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மாமி வீட்டில், வாவியில் பிடித்த மணலை மீனைப் பொரித்து வைத்திருந்தார்கள். அப்பா முதல் துண்டை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"அம்மாட்டச் சொல்லாத புள்ள. பிழ செய்யல்ல நான். கோயில் அம்மாளுக்கு எல்ல எதெண்டு தெரியும்."

எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. நான் லஞ்சம் வாங்கிய முதல் சந்தர்ப்பமும் கடைசிச் சந்தர்ப்பமும் அது. ஆனால் அது ஆறு மாதம் நீடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை விசாரிப்பார். என்ன தின்றார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "வழியில எத்தின இடத்தில குந்தினவர்? மூச்சு வாங்கினதா? போகக்குள்ளயா, வரக்குள்ளயா?" இதுதான் கேள்வி. அப்பா யார் யாரோடு இருந்து கதைத்தார் என்று அறிய அம்மா ஆசைப்படுகிறார் என்று நான் எண்ணினேன். மூன்று இடம் இரண்டாகி, ஒன்றாகி, ஆவணி மாதத்தில் மதகுக் கல்லில் மட்டும் என்று ஆயிற்று. பிறகு அங்கும் குந்தவில்லை. அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சமையலைப் பார்க்கப் போவார். நடந்து நடந்தே பொரித்த மீன் தின்கிற புருசனைப் பற்றி ஒன்றும் தெரியாத அப்பாவி என்று அவருக்காக இரக்கப்பட்டேன்.

ஐப்பசியில் ஒருநாள், மாமி வீட்டில் தின்ற கையோடு திரும்பும்போது மழை இருண்டு வந்தது. அப்பா நனையக்கூடாது என்று வேகமாக எட்டு வைத்தார். மதகடியில் திடீரென்று நின்று, நெஞ்சில் கையை வைத்து, ஈரக் கல்லில் குந்தினார். முகம் சாம்பலாகிவிட்டது. போத்தல் மூடி என் கைக்கு வரவில்லை. பல்லால் கடித்துத் திறந்தேன். குளிசையை நாக்குக்குக் கீழே வைத்துவிட்டு, அவர் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, அம்மனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மீனையும், என் பங்கையும். மழை பெய்து முடிவதற்குள் அப்பாவின் முகத்துக்கு நிறம் வந்தது.

"பயந்திட்டயா புள்ள?" என்றார்.

டாக்டர் பார்த்தார். பெரிதாக ஒன்றுமில்லை, நடப்பதை விடக்கூடாது, தின்ற கையோடு மழைக்கு ஓடவும் கூடாது என்றார். எனக்கு அது போதவில்லை. அம்மாவிடம் போய் அழுதபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுவது நின்றது.

"மாமி எத்தின துண்டு வைக்கிறவ?"

"அப்பாக்கு மூண்டு."

"மூண்டா? ரெண்டு எண்டெல்லோ சொன்ன..." என்று தொடங்கியவர், வாயை மூடிக்கொண்டு திரும்பவும் துருவினார்.

அப்பா பயந்துபோயிருந்தார். இனிப் போகமாட்டேன் என்றார். சரி, வீட்டிலேயே இருங்கள் என்று அம்மா மூன்று நாள் வைத்தியத்துக்குரிய சாப்பாடு போட்டார்: உப்பில்லாத கஞ்சி, அவித்த பூசணி, மறுபடியும் கஞ்சி. நான்காம் நாள் அப்பா குடையை எடுத்தார். அன்று மாமி இரண்டு துண்டுதான் வைத்தார்.

"மீன் குறைவு தம்பி. ஆறியிருந்து தின்னு, ஆறியிருந்து போ," என்றார். குசினிக் கூடை நிறைய மீன் கிடந்ததை நான் கண்டேன். அம்மன் தண்டனையைக் குறைத்து, ஒரு துண்டோடு விட்டுவிட்டாள் என்று முடிவு செய்தேன்.

பின்னாளில் சுற்றுநிருபங்கள் வரைவது என் தொழிலாயிற்று. ஓட்டை இல்லாமல் எழுதுவதில் எனக்குப் பெயரும் இருந்தது. அந்த ஆற்றல் அப்பாவிடமிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை. ஓர் ஒழுங்குவிதியில் ஒரு பிரிவை உலகம் முழுவதற்கும் இறுக்கி அடைத்துவிட்டு, அடுத்த பிரிவில் மட்டும் ஒரு மைல் தூரத்துக்கு வழி விட்டிருந்தால், வரைந்தவருக்கு எழுதத் தெரியாது என்று பொருளல்ல. இதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு பதவி உயர்வுகள் தேவைப்பட்டன.

அடுத்த வைகாசி வந்தது. அம்மன் கதவு திறந்தது; குளிர்த்தி முடிந்தது; நேர்த்தி நிறைவேறியது. மறுநாள் அம்மா ஒரு வருடத்துக்குப் பிறகு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார். மணலை மீன், மஞ்சளும் கொச்சிக்காய்த் தூளும் பூசி, இரண்டே துண்டு. அப்பா தின்றார். நல்லாயிருக்கு என்றார். கையைக் கழுவிவிட்டுத் திண்டாடுவதுபோல் முற்றத்தில் அங்குமிங்கும் போனார். நாலரை மணி ஆயிற்று. குடையை எடுத்துக்கொண்டு வேலிப் படலையடியில் போய் நின்றார்.

"புள்ள, போவமா?"

"எங்க அப்பா? இஞ்சயே மீன் இரிக்கே."

"மீனுக்கா? சும்மா ஒருக்கா நடந்திட்டு வருவம்."

குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா எங்களுக்கு முதுகு காட்டி அடுப்பைப் பார்த்தபடி நின்றார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. ஒரு வருடம் காத்திருந்து பொரித்துக் கொடுத்தும், இந்த மனிதர் மாமி வீட்டு மீனை நினைத்துப் போகிறாரே என்று என் நெஞ்சு கொதித்தது. அம்மாவைத் தேற்ற எனக்கு வார்த்தை தெரியவில்லை. ஆகவே அப்பாவைத் தண்டித்தேன். மதகு வரைக்கும், மதகைத் தாண்டியும், அவரோடு ஒரு சொல்லும் பேசாமல் நடந்தேன்.