நிரம்பியதாகக் காட்டிய தொட்டி

மாரிக்கண்ணன் பொய் சொல்லிப் பழகாதவர். நாற்பத்திரண்டு வயது வரை அதற்குத் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

குடிநீர்த் தொட்டிகளைச் சங்கரன்கோவில் கண்ட்ரோல் ரூமோடு இணைக்கும் காண்ட்ராக்டரிடம் அவர் எலக்ட்ரீசியன். இருபத்தாறு ஊர்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கண்ட்ரோல் ரூம் திரையில் சிவப்பு எரியும், மோட்டார் தானாக ஓடும். நிரம்பினால் பச்சை, மோட்டார் நிற்கும். அதுவரை கையால் மோட்டார் போட்டவர்கள் இனிச் சுவிட்சைத் தொடக்கூடாது. பெட்டிகளுக்குப் பூட்டு, சாவி மாரிக்கண்ணனிடம்.

பனவடலிசத்திரம் போகும் வழியில் ஓர் ஊரில் மட்டம் அளக்கும் கருவி கெட்டு, தொட்டி தளும்பியபோதும் சிவப்பையே காட்டியது. மறுநாள் அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள்.

"ஒரு துண்டு வயரச் சொருகிப் பச்சையாக்கிரும் வே" என்றார் இன்ஜினியர் சாம்சன், போனில்.

"அப்புறம் மோட்டார் ஓடாதே சார்."

"தொட்டி நிறைஞ்சுதான கெடக்கு? புதுசு வந்ததும் மாத்திக்கிடும்."

சொருகினார். இருபத்தாறும் பச்சை. அதிகாரிகள் கைதட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் புதுக் கருவியும் வந்தது. குருவிகுளத்தில் வேலை இருந்ததால் அது அவர் பையிலேயே கிடந்தது. மறக்கவில்லை, நாளைக்குப் போகலாம் என்று தினமும் நினைத்தார்.

ஐந்தாம் நாள் காலை அவர் கண்ட்ரோல் ரூமில் இருந்தபோது அந்த ஊரிலிருந்து போன் வந்தது. பேச்சி, அங்கே மோட்டார் போட்டுக்கொண்டிருந்தவள்; இப்போது வால்வு திறந்துவிடும் வேலை மட்டும்.

"மூணு நாளா பைப்புல காத்துதாம்மா வருது. எல்லாரும் கொடத்தத் தூக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நிக்காவ."

திரையைக் கவனிக்கும் யோகலட்சுமி, "இங்கன ஃபுல்லுன்னுல்லா காட்டுது" என்றாள்.

"ஒங்க பச்சைய மோந்து குடிக்கவா முடியும்?"

மாரிக்கண்ணன் பைக்கை எடுத்தார். பேச்சி ஏணியடியில் நிற்க, அவர் மேலே ஏறினார். தொட்டி காய்ந்து கிடந்தது. இறங்கி, பெட்டியைத் திறந்து, வயரைப் பிடுங்கிக் கருவியை மாற்றினார். மோட்டார் ஓடியது. மணி பதினொன்று பத்து.

கண்ட்ரோல் ரூம் பதிவில் அது வேறு விதமாக விழுந்தது. பதினொன்று ஒன்பது வரை நிறைந்த தொட்டி, பதினொன்று பத்துக்குக் காலி. சுவிட்ச் பறிபோன வயிற்றெரிச்சலில் பேச்சி வால்வைத் திறந்து விட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். அறுபதாயிரம் லிட்டர் ஒரு நிமிடத்தில் எப்படி வடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மனிதர்கள் சொன்னால் கேட்டிருப்பார்கள்; சொன்னது மெஷின்.

விசாரணைக்கு முந்தைய நாள் சாம்சன் சொன்னார்: "வயர் கத வெளிய வந்தா இருபத்தாறையும் தோண்டுவாவ. கையெழுத்துப் பூராம் உம்மது."

மாரிக்கண்ணன் எழுதிக் கொடுத்தார்: "பதினொன்று பத்துக்குத் தொட்டியில் தண்ணீர் இல்லை." அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

பேச்சிக்கு வேலை போயிற்று. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் அவரைப் பார்த்து நின்றாள்.

"ஆபீஸ்ல வாசிச்சுக் காட்டுனாவ அண்ணாச்சி. நீங்களாவது தொட்டி காஞ்சு கெடந்ததச் சொன்னியளே" என்று கும்பிட்டாள்.

அவரும் கும்பிட்டார்.