பிரேக் பேட் மாத்த எம்புட்டு ஆகும்?

கார் சர்வீஸ் கவுண்டருக்குச் சந்தோஷமாக வந்தவர் என்று நான் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. பிரேக்கை மிதிக்கும்போது கீச்சென்ற சத்தம் உங்களுக்கும் ஒரு நாள் கேட்டிருக்கும். நான் விருதுநகரில் ஒரு கார் ஷோரூமில் சில வருஷம் இருந்தேன். கல்யாணமாகி சிவகாசிக்கு வந்தபின் மாரிக்கனி அண்ணனின் பட்டறையில் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் செலவைச் சொல்லும் வேலைதான். பிரேக் பேட் மாற்ற அங்கே ஒரு விலை, இங்கே கிட்டத்தட்ட அதில் பாதி. ஏன் என்று கேட்காதவர் இல்லை. பதில் தேடி நானும் எல்லோரையும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஷோரூமுக்கு ஒரு மிளகாய் வத்தல் வியாபாரி வந்தார். முன்சக்கர பேட் தேய்ந்துவிட்டது என்றதும், வெளிப் பட்டறையில் கேட்ட விலையைச் சொல்லி, "இம்புட்டு வித்தியாசம் எதுக்கும்மா?" என்றார். கோபமில்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான். கம்பெனி பேட், கம்பெனி நிர்ணயித்த கூலி, பேடைப் பிடித்து அழுத்தும் காலிப்பரைக் கழுவி கிரீஸ் வைப்பது, வரி, வாரண்டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, வேலை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்றார். உள்ளே யாரையும் விடுவதில்லை என்றேன். கண்ணாடிச் சுவரோரம் நின்று, தன் கார் எது என்று தெரியாமல் எட்டி எட்டிப் பார்த்தார்.

வேலை முடிந்து சாவியைக் கொடுத்தபோது சொன்னார்: "வெல கூடன்னு நான் சொல்லலம்மா. வத்தல நான் கையில அள்ளி, ஒடச்சு, மோந்து பாத்துத்தான் வாங்குவேன். நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வச்சு மாட்டுறீக, அதான் கூடுதலாத் தெரியுது."

அட்டைப்பெட்டி

பட்டறைக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "எப்படிண்ணே பாதி விலைக்கு முடியுது?" என்பதுதான். மாரிக்கனி அண்ணன் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் கார் கம்பெனியின் பெயர். இன்னொன்றில் பேட் செய்கிறவரின் பெயர் மட்டும். "கார் கம்பெனி பேர் இல்லாததால கொஞ்சம் குறையும். ஏசி ரூம் இல்லாததால கொஞ்சம் குறையும். ஆனா மூணாவதா போலின்னு ஒரு ரகம் இருக்கு, அதத்தான் பயந்துக்கிடணும்" என்றார்.

அந்த மூன்றாவது ரகம் சீக்கிரமே வந்தது. புதிதாக ஒரு கடையில் சரக்கு எடுத்திருந்தோம். அன்றைக்குக் காரை விட வந்த அச்சாபீஸ்காரர் ஒருவர், சும்மா இருக்க முடியாமல் மேஜை மேலிருந்த பெட்டியை எடுத்துத் திருப்பினார். தினமும் பட்டாசு லேபிள் அடிக்கிறவர். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை, எழுத்துக்கு நிழல் விழுகிறது என்றார். அண்ணன் பழைய பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வித்தியாசம் எனக்கே தெரிந்தது. பேடை வெளியே எடுத்து நகத்தால் கீறியதும் பொடி உதிர்ந்தது. அதில் ஒன்றைக்கூட மாட்டாமல், அண்ணன் அத்தனையையும் அந்தக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோனார்.

அச்சாபீஸ்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை: "எங்க ஊரு ஆளு அடிச்சிருந்தா இம்புட்டு மோசமா அடிச்சிருக்க மாட்டான்."

வேனுக்குள்ளிருந்து

தீபாவளி சீசன். ஆனைக்குட்டம் பக்கமிருந்து பட்டாசுக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் ஒன்று, போகிற வழியிலேயே வந்து நின்றது. இடதுபக்க பேட் சுத்தமாகத் தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. "இடது மட்டும் மாத்துங்க, வலது இன்னும் ஓடும். கம்பெனில லோடு ஏத்துற நேரம், நிக்க முடியாது" என்றார் டிரைவர். ஒருபக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒருபக்கமாக இழுக்கும், ஜோடியாகத்தான் மாட்டுவேன் என்றார் அண்ணன். டிரைவர் கெஞ்சினார், பிறகு சத்தம் போட்டார். வேறு பட்டறைக்குப் போவதாகச் சாவியைக் கேட்டார். அண்ணன் கொடுக்கவில்லை.

வேனுக்குள்ளிருந்து ஒரு அம்மா இறங்கினார். விரலிடுக்கில், கழுவியும் போகாத பட்டாசு மருந்து வெள்ளியாய் மினுங்கியது. "இழுத்தா என்ன ஆகும்?" என்று என்னைத்தான் கேட்டார். மழை ஈரத்தில் கவிழவும் வாய்ப்புண்டு என்றேன். அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். ஒவ்வொருவராக, தூக்குச்சட்டியோடு எல்லோரும் இறங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். நேரம் போனால் அன்றைய கூலி குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். டிரைவர் சாவி கேட்பதை விட்டுவிட்டு ஜாக்கியை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் மாற்றிய பிறகே ஏறினார்கள்.

ஏறும்போது அந்த அம்மா டிரைவரிடம் தணிந்த குரலில் சொன்னது: "மருந்துக்குள்ள நாள் பூரா பயந்து பயந்துதான்லே வேல பாக்கோம். போற வார வழியிலயாவது பயமில்லாம உக்காந்து வாரோம்."

பழைய சிநேகிதன்

எங்களிடம் எல்லாம் முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் பொத்தான் வைத்த புதுக் கார் ஒன்று வந்தது. பின்சக்கர பேடை மாற்ற அதற்கென்று ஒரு கருவி வேண்டும். எங்களிடம் இல்லை. விருதுநகர் ஷோரூமுக்கே அனுப்பிவைத்தோம். அந்த வாரமே, ஷோரூமில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த கார்த்தி பட்டறைக்கு வந்தான். அந்தக் காரை அனுப்பியதற்கு நன்றி சொல்ல வந்தானென்று நினைத்தேன். வாரண்டி முடிந்த தன் சொந்தக் காருக்கு பேட் மாற்ற வந்திருந்தான்.

"அக்கா, நான் இங்கன வந்தத அங்கன யார்ட்டயும் சொல்லிராதீக. எங்க மேனேஜர் நாளைக்கு அவரு காரோட இங்கன வாராரு, அவர்ட்டயும் சொல்லிராதீக."

இரண்டு கவுண்டரிலும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, கார் ஓடுவதற்கு வாய் பேசாமல் பெட்ரோல் போடுகிற நாம் அது நிற்பதற்கு மட்டும்தான் பேரம் பேசுகிறோம்.