சுண்ணாம்பு அடித்த ஓடையும் முப்பத்தேழு வெற்றிலை மீன்களும்

சின்னத்தம்பி 1969 ஜூன் 3ஆம் திகதி, தெரணியகலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் ஜூலை 3 என்று இருக்கிறது. அது பதிந்தவரின் பிழை. 2001 முதல் அவருக்கு ஒரே வேலை. காலை 5.40க்கு ஓடைக்கு ஏறி, குழாய் வாயிலுள்ள கம்பி வலையை அடைத்திருக்கும் இலைகளை அள்ளிப் போடுவார். குழாய் ஒரு சீமெந்துத் தொட்டிக்கு வரும். தொட்டியிலிருந்து எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் மூன்று பீலிகளுக்கு. நாற்பத்திரண்டு வீடுகள் அந்த மூன்று பீலிகளில்தான் தண்ணீர் பிடிக்கின்றன, குளிக்கின்றன, சண்டை போடுகின்றன.

2022 கடைசியில் ஒரு கம்பனி ஓடையை மறித்து மின்சாரம் எடுக்க வந்தது. அணை வரவிருந்த இடம் குழாய் வாய்க்கு மேலே. அணை வந்தால் பீலி வற்றிவிடும். லயத்துக்காரனான நான் எல்லோருக்கும் சேர்த்து இரண்டு மனு எழுதினேன். இரண்டுக்கும் ‘மனு கிடைத்தது’ என்று பதில் வந்தது. பவுசர் லொறியில் தண்ணீர் தருவோம் என்றார் தோட்ட முகாமையாளரான பெரிய துரை. பவுசரின் அகலம் எட்டடி. பாதையின் அகலம் ஏழடி மூன்றங்குலம். நான் அளந்து எழுதிக் கொடுத்தேன். அதுவும் கிடைத்ததாகப் பதில் வந்தது.

ஒரே ஒரு வழி மிஞ்சியது. இந்த நாட்டில் மட்டுமே வாழும் மீன் ஏதாவது அணைக்குக் கீழே இருந்தால், அதற்கு வேண்டிய தண்ணீரை விட்டே ஆகவேண்டும் என்று கம்பனியின் அனுமதிப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மனிதர் இருந்தால் என்ன செய்வது என்று அதில் எதுவும் இல்லை.

மீன் இருந்தது. சிங்களவர்கள் அதற்கு வெற்றிலை மெல்பவன் என்று பொருள்படப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆண் மீன் வாய் முதல் வயிறு வரை சிவந்திருக்கும். லயத்தில் வெத்தல மீன் என்பார்கள். குழாய் வாயின் கீழுள்ள மடுவில் அது எத்தனை மணிக்கு எந்தக் கல்லடியில் நிற்கும் என்பது சின்னத்தம்பிக்குத் தெரியும்.

மீன் உண்மையில் இருக்கிறதா என்று பிடித்துப் படமெடுத்துப் பார்க்கும் குழு 2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. தோட்டத்துக்கு யார் வந்தாலும் துரைமார் செய்வது ஒன்றுதான்: பாதையோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு. வருபவர்கள் ஓடையைப் பார்க்க வருவதால், இம்முறை ஓடைக் கற்களுக்கும் அடிக்க உத்தரவாயிற்று. திங்கள் பிற்பகல் 2 மணிக்கு எட்டுப் பேர் தூரிகையோடு இறங்கினார்கள்; மேற்பார்க்க உதவி முகாமையாளரான சின்ன துரையும் வந்தார்.

“சின்ன தொர, சுண்ணாம்புத் தண்ணி பட்டா மீன் செத்துப் போகுங்க,” என்றார் சின்னத்தம்பி.

“பெரியவர் ஓடரு. நாளைக்குக் கல்லெல்லாம் பாசியா இருந்தா எனக்குத்தான் ஏச்சு.”

“வெத்தலைக்குச் சுண்ணாம்பு வேணும்னு தொரைக்குத் தெரியுது, பாருங்களேன்,” என்றார் தூரிகை பிடித்திருந்த கிருஷ்ணராஜ். எல்லோரும் சிரித்தார்கள். சின்னத்தம்பி சிரிக்கவில்லை.

அவர் வீட்டுக்கு ஓடி, படுக்கைக்கு மேல் கட்டும் நுளம்பு வலையையும் இரண்டு வாளிகளையும் எடுத்து வந்தார். 3.50 முதல் 5 மணிவரை முப்பத்தேழு மீன்களைப் பிடித்துத் தொட்டியில் விட்டார். குளோரின் போட வேண்டியவர் தொட்டிப் பக்கம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அன்று மட்டும் அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. 5.10க்கு மழை பிடித்தது. 41 மில்லிமீற்றர். சுண்ணாம்பு முழுவதும் மடுவில் இறங்கியது.

“குடிக்கிற தண்ணியில மீனு, படுக்கிற வலையில பாசி,” என்றார் மனைவி அழகம்மா. “இனி நானு எங்க போறது?”

“ஒரு நாளைக்குப் பொறு புள்ள. நாளைக்கு இந்த மீனு இல்லன்னா நாளான்னைக்கு தண்ணியும் இல்ல.”

மறுநாள் குழு 10.15க்கு வந்தது. தலைவர் கஜீவன், யாழ்ப்பாணத்துப் பொடியன். மழையங்கி, கமரா, கண்ணாடிப் பெட்டி. பால்போல் கிடந்த ஓடையில் இரண்டு இடத்தில் வலை போட்டார். ஒரு நண்டு வந்தது.

“என்ன ஐயா, ஒண்டும் இல்லையே?”

“இருக்குங்க சேர். தொட்டியில இருக்கு.”

“தொட்டியிலயோ? ஆர் விட்டது?”

“நாந்தாங்க. கல்லு வெள்ளையா இருக்கில்லீங்களா, அதால.”

கஜீவன் கற்களைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். படிவத்தில் மூன்று இடம் கேட்டிருந்தது; மூன்றாவது வெறுமையாக இருந்தது. தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் மறுபடி ஓடையில்தான் விழுகிறது. ‘ஓடையோடு தொடர்புள்ள நீர்நிலை’ என்ற கட்டத்தில் அவர் சரி போட்டார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க இயற்கையான கல் வேண்டும் என்றார். சுண்ணாம்பு படாத கல் தேட இருபது நிமிடம் ஆனது. மீனை விட்டால் அது வெளிறி நின்றது.

“புத்தகத்தில சிவப்பெல்லோ இருக்குது. இது வேற மீன்போல.”

“பயந்து போயிருக்குங்க சேர். நீங்க கொஞ்சம் தள்ளிப்போய் டீ குடிங்க, தானா செவக்கும்.”

ஒரு மணி பத்து நிமிடம் காத்திருந்தோம். துரைமார் மூன்று தடவை மணிக்கூட்டைப் பார்த்தார்கள். 12.52க்கு மீன் சிவந்தது. ஒன்பது படம்.

அன்று மாலையே சின்னத்தம்பி மீன்களை அணை வரவிருந்த இடத்துக்கும் மேலே, சுண்ணாம்பு எட்டாத மடுவில் விட்டார். முப்பத்தேழும் உயிரோடு.

ஜூலையில் அறிக்கை வந்தது. வாழிடம்: சீமெந்துத் தொட்டி. இனத்தைக் காக்க, அந்தத் தொட்டிக்கு இருபத்துநான்கு மணிநேரமும் ஓடைத் தண்ணீர் குறையாமல் வரவேண்டும், ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படும். கம்பனி அணையிலிருந்து தொட்டிக்குத் தன் செலவில் இரண்டங்குலக் குழாய் போட்டது. சுண்ணாம்பு அடித்த ஓடை இப்போது வறண்டு கிடக்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பலகை இருக்கிறது. தமிழில் இல்லாததால், மீன் பிடிக்கக் கூடாது என்பது லயத்தில் பலருக்குத் தெரியாது. பிடிக்க மீனும் இல்லை.

முதலாவது பரிசோதனை 2024 ஓகஸ்ட் 6. அதற்கு முந்தின நாள் சின்னத்தம்பி மேல் மடுவிலிருந்து பன்னிரண்டு மீன் கொண்டு வந்தார். யாராவது வருகிறார்கள் என்றால் இடத்தைத் தயார்படுத்துவது தோட்டத்து வழக்கம்தானே. அதே நேரத்தில் சுண்ணாம்பு வாளியோடு நான்கு பேர் வந்து நின்றார்கள்.

“தொட்டிக்கு வெளியில மட்டும் அடிங்கப்பா,” என்றார் அவர். “உள்ளுக்கு என்னோட வேல.”

பரிசோதகர் ஆறு படம் எடுத்து, ‘திருப்தி’ என்று எழுதிப் போனார். மாலை 4.20க்குப் பன்னிரண்டு மீனும் மேல் மடுவுக்குத் திரும்பின. நான் இறங்கி வரும்போது மூன்றாவது பீலியில் யார் முதலில் வாளி வைத்தது என்று அழகம்மாவும் பிரேமலதாவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இரண்டு வாளியும் நிரம்பி, அவர்கள் காலடியில் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.