போட்டோக்கொப்பிக் கடையில் ஆறு வீரர்கள்

போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவர்களின் உண்மையான தொழில் காத்திருப்பதுதான்: இயந்திரம் சூடாகும் வரை வாடிக்கையாளர் காத்திருப்பார், வாடிக்கையாளர் பையைத் துழாவி அடையாள அட்டையை எடுக்கும் வரை நான் காத்திருப்பேன், கரண்ட் போனால் இரண்டு பேருமே காத்திருப்போம்.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் இருக்கும் என் சின்னக் கடையில் இந்தக் காத்திருப்பை நான் பழைய கணினி ஆட்டங்களால் நிரப்பிக்கொள்கிறேன். ஓட்டப் பந்தயமோ துப்பாக்கியோ இல்லை. ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து, சனங்களோடு கதைத்து, குகைக்குள் இறங்கி, கடைசியில் ஒரு டிராகனைத் தேடிப் போகும் வகை. மேலிருந்து பார்ப்பதுபோல் படம், பக்கம் பக்கமாக வாசிக்க எழுத்து. படிக்கிற காலத்தில் ஒரு கணினி வகுப்பில் பிடித்த பைத்தியம் இது. கல்யாணமும் இரண்டு பிள்ளைகளும் வந்தும் தெளியவில்லை. இந்த ஆட்டங்களின் பெரிய நன்மை, ஸ்பேஸ் பாரை அமுக்கினால் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். கடைக்காரிக்கு வேறென்ன வேண்டும்? உங்களில் யாராவது வேலை நேரத்தில் திரையின் மூலையில் இன்னோர் உலகத்தைச் சுருக்கி வைத்திருப்பவராக இருந்தால், வாருங்கள், நம் வேதனை நமக்குத்தான் தெரியும்.

கையைத் தூக்கியபடி நின்றவர்

ஆதம்பாவா காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்) வயல் செய்கிறவர். உரம், காணி, வாய்க்கால் கூட்டம் என்று எப்போதும் ஏதாவது ஒரு தாளோடு கடைக்கு வருவார். அன்றைக்கு அவர் வந்தபோது என் ஆறு பேரும் ஒரு பாலத்தின் மேல் கொள்ளைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸலாம் கேட்டதும் ஸ்பேஸ் பாரை அமுக்கினேன். அவசரத்தில் திரையை மறைக்க மறந்துபோனேன்.

இயந்திரம் தாளைக் கடித்துக்கொண்டது. மூடியைத் திறந்து, கசங்கிய தாளை இழுத்து எடுத்து, திரும்பவும் ஓட்டினேன். மற்ற நாளென்றால் "என்ன தங்கச்சி, இன்னும் முடியல்லியா?" என்று கேட்டிருப்பார். அன்று திரும்பிப் பார்த்தால், மேசைக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தபடி நிற்கிறார். அங்கே வாளை ஓங்கிய வீரன் ஓங்கியபடியே நிற்கிறான். கொப்பியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"என்ட கொப்பி கிடக்கட்டும் தங்கச்சி, அந்த மனிசன்ட கைய முதல்ல இறக்கி உடுங்க."

உடலும் கரையும்

றிஸானா மருதமுனையில் கைத்தறிப் புடவை வியாபாரம் செய்கிறவள். புடவைப் படங்களைக் கொழும்புக்கு அனுப்பவும், விலைத் துண்டுகள் அச்சடிக்கவும் என்னிடம் வருவாள். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு வீரருக்கும் உடுப்பின் நிறத்தை நாமே தெரிவு செய்யலாம், உடலுக்கு ஒரு நிறம், ஓரத்துக்கு ஒரு நிறம். நான் அதில் கவனம் வைத்ததில்லை. ஆறு பேரையும் மண்ணிறத்தில் விட்டிருந்தேன். அதைக் கண்டதும் றிஸானா ஏதோ மையித்துக் கிடக்கிற சாவு வீட்டுக்குள் வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எழும்புங்க ராத்தா" என்று, அக்கா என்ற மரியாதை குறையாமலே என்னைக் கதிரையிலிருந்து கிளப்பிவிட்டாள். மந்திரவாதிக்குக் கிளிப்பச்சை உடல், கத்தரிப்பூக் கரை. வைத்தியக்காரிக்கு வெள்ளை உடல், நீலக் கரை. அம்பு எய்கிறவனுக்கு நல்ல சிவப்பில் மஞ்சள் கரை. அவன் காட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து முன்னுக்குப் போய் எதிரியை வேவு பார்க்க வேண்டியவன். இந்த உடுப்போடு போனால் அடுத்த ஊரிலிருந்தே தெரிவானே என்று சொல்லிப் பார்த்தேன்.

"தெரியட்டும் ராத்தா. தோத்தாலும் பரவால்ல, பாக்கிறவன் இவங்க எந்த ஊர் எண்டு கேக்கணும்."

எலும்புக்கூடு நிற்கும் காணி

குகைக்குள் வழி தவறாமல் இருக்க நான் வரைபடம் கீறுவேன். பழுதான கொப்பித் தாள்களின் பின்பக்கம்தான் அதற்கு. எங்கே கதவு, எங்கே பொறி, எங்கே எலும்புக்கூடு காவல் நிற்கிறது என்றெல்லாம் குறித்து வைப்பேன். ஒருநாள் ஆதம்பாவா காக்காவின் காணிப் பத்திரங்களைக் கொப்பி எடுத்துக் கிளிப் அடித்துக் கொடுத்தபோது, என் வரைபடம் ஒன்றும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அவரும் பார்க்காமல் கொண்டுபோய்க் காணி அலுவலகத்து அதிகாரியிடம் கொடுத்துவிட்டார்.

பின்னேரம் வந்தார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வரைபடத்தை மேசையில் வைத்தார். அது அவரும் அவருடைய தம்பியும் பாகப் பிரிவினை செய்துகொண்டிருந்த காணி. ஏதும் பிழைத்துவிட்டதா என்று பயந்து பயந்து கேட்டேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"அந்த ஐயா எல்லாத்தையும் வடிவா வாசிச்சுப்போட்டு ஒரு கேள்விதான் கேட்டாரு தங்கச்சி: 'காக்கா, எலும்புக்கூடு நிக்கிற பக்கம் ஒங்கட பங்கா, தம்பிர பங்கா?'"

டீச்சரின் மரியாதை

கிரேஸ் டீச்சர் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. மெதடிஸ்த கோயில் பக்கம் வீடு. தன்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு வினாத்தாள் அச்சடிக்க வருவார். ஆட்டத்தின் எழுத்தெல்லாம் ஆங்கிலம் என்பதால், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அதையும் வாசித்தார். திரையில் ஒரு தாய், சுரங்கத்துக்குள் போன தன் மகனைக் காணவில்லை என்று அழுகிறாள். நாம் சொல்ல மூன்று பதில்கள் இருக்கின்றன. கூலி கேட்கும் பதிலைத் தெரிவு செய்தால் கூடுதலாகக் காசு கிடைக்கும் என்று அனுபவத்தில் எனக்குத் தெரியும். நான் அதையே அமுக்கினேன்.

"இதென்ன மகள்? பிள்ளையக் காணல்ல எண்டு அழுற மனிசியிட்ட எவ்வளவு தருவாய் எண்டா கேக்கிற?" என்று டீச்சர் அதட்டினார். இது வெறும் ஆட்டம் என்றேன். அவர் கேட்கவில்லை. ஆட்டத்தை முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போகவைத்து, மரியாதையான பதிலைச் சொல்லவைத்துவிட்டுத்தான் வினாத்தாளைக் கையில் எடுத்தார். இரண்டு நாள் கழித்து அந்த மகனைச் சுரங்கத்திலிருந்து மீட்டேன். தாய் தன் புருசனின் வாளையே தந்துவிட்டாள். நான் இத்தனை காலம் ஆடியும் காணாத வாள் அது. டீச்சர் வந்ததும் பெருமையாகக் காட்டினேன்.

"நல்லம் மகள். ஆனா வாளுக்காக மரியாதையாக் கதைச்சதா அவளுக்குச் சொல்லிப்போடாதங்க."

முகம் இல்லாத மனிதர்கள்

பக்கத்துக் கடை அஸ்மி கைபேசி விற்கிறவன். புதுப்புது ஆட்டங்களைப் பெரிய திரையில் காட்டி வாடிக்கையாளரை இழுப்பான். என் ஆட்களைப் பார்த்து, "ராத்தா, இதுகளுக்கு மூக்கு முழி ஒண்டும் இல்லியே, ஆர் ஆர் எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிற?" என்று சிரித்தான். ஆட்டத்தை நேசிக்கிறவளுக்கு அதற்காக வாதாடத் தெரிய வேண்டும் என்று சட்டமில்லையே. காசு கொடுக்கக் காத்துக்கொண்டிருந்த ஆதம்பாவா காக்காதான் திரும்பிப் பார்த்தார்.

"வயலுக்குள்ள தூரத்தால வாறவன்ட முகம் ஆருக்குத் தெரியுது? நடையப் பாத்துத்தானே பேரு சொல்றோம்."

ஒரு சொல்

காற்றும் மழையுமாக இருந்த ஒரு காலையில் நிஹாரா வந்தாள். பாலமுனையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள், அபாயா ஓரமெல்லாம் ஈரம். அவளுடைய புருசன் இன்னும் மூன்று பேரோடு ஆழ்கடல் படகில் போனவர். எஞ்சின் பழுது என்று வயர்லெஸ்ஸில் ஒரு தகவல் வந்ததாம், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அவருடைய அடையாள அட்டைக் கொப்பி வேண்டும், படத்தைப் பெரிதாக்க வேண்டும், மீன்பிடி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அடிக்க வேண்டும்.

இப்படியான கடிதங்களுக்கு என்னிடம் ஒரு வழக்கமான நடை உண்டு. விரல் தானாக அடித்துக்கொண்டு போகும். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் வரியிலேயே என் கையைப் பிடித்தாள்.

"'காணாமப் போன' எண்டு போடாதீங்க ராத்தா, 'வரச் சுணங்கின' எண்டு போடுங்க."

ஆறு பேரோடும்

அலுவலகத்தில் கடிதம் கொடுத்தவளைப் பின்னேரம் வரச் சொன்னார்கள். அடுத்த நாளும் வரச் சொன்னார்கள். ஊருக்குப் போய்த் திரும்பப் பஸ் காசும் இல்லை, மனமும் இல்லை. இரவில் என் வீட்டில் தங்கினாள், பகலெல்லாம் என் கடையில் கிடக்கும் மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் படகைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை. என்ன கேட்பது? நான் ஆட்டத்தை மூடிவைக்கப் போனேன், அவள்தான் "ஆடுங்க, எனக்குப் பாக்க ஏதாச்சும் வேணும்" என்றாள். ஆடினேன். அன்று மந்திரவாதி ஓநாய்க் கூட்டத்துக்குள் மாட்டி விழுந்துபோனான். பழக்க தோசத்தில் முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்பினேன். விழுந்தவன் எழுந்து நின்றான். நிஹாராவின் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் எழுந்து நின்றவனைச் சுட்டிக்காட்டி, "அப்ப முதல்ல அவர ஏன் தனிய உட்ட?" என்று கேட்டாள். அன்றிலிருந்து என் ஆட்டமே மாறிவிட்டது. ஒருவரையும் பின்னால் விடக் கூடாது, ஒருவர் விழுந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். றிஸானா வழி பார்த்தாள், டீச்சர் எழுத்தை வாசித்துச் சொன்னார், ஆதம்பாவா காக்கா எந்தப் பக்கம் பள்ளம் என்று சொன்னார். அஸ்மியும் தன் கடையை விட்டுவிட்டு வந்து நின்றான். ஒரு குகை வாசலில் காயப்பட்ட மந்திரவாதியை வெளியே நிறுத்திவிட்டுப் போனால் சுகமாக முடியும் என்று அவன்தான் யோசனை சொன்னான். சரியான யோசனை. நிஹாரா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"அஞ்சு பேரோட லேசு எண்டு எனக்கும் விளங்குது தம்பி. ஆறு பேரோட போங்க."

தொலைபேசி

அவளுடைய கைபேசி அடித்தபோது நான் இயந்திரத்துக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தேன். படகு முதலாளியின் இலக்கம். நிஹாரா கைபேசியைப் பார்த்தபடியே இருந்தாள், அமுக்க விரல் வரவில்லை. கடையில் அப்போது டீச்சரும் நானும்தான். டீச்சர் எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியை வாங்கி, அமுக்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மடியில் வைத்தார்.

முதலாளி காற்றுக்குள் நின்று கத்தினார். வேறொரு போட் அவர்களைக் கண்டிருக்கிறதாம், கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்களாம், வாழைச்சேனைத் துறைமுகத்துக்கு வந்துவிடுவார்களாம், புருசன் சுகமாம். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கையிலிருந்த தாளெல்லாம் நிலத்தில் கொட்டியதைப் பிறகுதான் கண்டேன். நிஹாரா அழவில்லை. கைபேசியை இரண்டு கையாலும் தூக்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "நாலு பேருமா முதலாளி? நாலு பேரும் இருக்காங்களா?" என்று கேட்டாள். காற்றுச் சத்தத்தையும் மீறி முதலாளியின் குரல் வந்தது.

"ஓம் புள்ள, நாலு பேரும். அல்ஹம்துலில்லாஹ், நாலு பேரும்."

கப்பல் ஏறும் முன்

பிறகு ஒருநாள் நிஹாரா புருசனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒல்லியான மனிதர், வெயிலில் தோல் உரிந்த மூக்கு, கையில் ஒரு பார்சல் கருவாடு. கடல் கதை கேட்கலாம் என்று ஆதம்பாவா காக்கா கதிரையை இழுத்துப் போட்டார். வந்தவரோ கடலைப் பற்றி வாயே திறக்கவில்லை. "எந்த ஆறு பேரு?" என்று மட்டும் கேட்டார். மனைவி இவர்களைப் பற்றித்தான் வீட்டில் கதைத்துக்கொண்டிருக்கிறாளாம்.

திரையைத் திருப்பிக் காட்டினேன். கிளிப்பச்சையும் சிவப்புமாக ஆறு பேரும் ஒரு துறைமுகத்தில் நின்றார்கள். டிராகன் இருப்பது ஒரு தீவில், கப்பலில்தான் போக வேண்டும். நிஹாராவின் முகம் மாறியதைக் கண்டேன், கப்பலைத் தவிர வேறு வழியில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் புருசன் குனிந்து, அந்தச் சின்னக் கப்பலை முன்னும் பின்னும் பார்த்தார். "எஞ்சின் பாத்தாச்சா?" என்று கேட்டார். இது பழைய காலத்துக் கதை, பாய்மரம்தான், எஞ்சின் கிடையாது என்றேன். அவர் நிமிர்ந்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

"எஞ்சினே இல்லியா? அப்ப பயமில்ல ராத்தா, நம்பி ஏறுங்க."

ஆறு பேரும் டிராகனை முடித்துவிட்டுச் சுகமாகத் திரும்பி, அடுத்த ஆட்டத்தையும் எல்லோரும் சேர்ந்தே தொடங்கியாகிவிட்டது என்பதால், கணினி ஆட்டம் ஆளைத் தனிமைப்படுத்தும் என்று எங்கேயோ வாசித்தவர்கள் தயவுசெய்து ஒருநாள் என் கடைக்கு வந்து, அந்த வாங்கில் உட்கார ஓர் இடம் பிடித்துக் காட்டட்டும்.